பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவில் ஒரு பையன்

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் நெப்போலியன் பற்றிய கேள்வி ஒன்றுக்குப் பதில் எழுதும்போது, போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன்: "பதினாறாம் லூயியின் தலையை வெட்டினார்கள், 21 வருஷம் கழித்து அவருடைய தம்பி பதினெட்டாம் லூயியாக அரியணை ஏறினார்." நெப்போலியனை விட்டுவிட்டு எல்லோரும் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டார்கள். அதனால் இந்த முறை முழுப் பகுதியும் அந்த வரிக்கே. சமையல் எண்ணெய், பான் கார்டு கேள்விகள் அனுப்பியவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: பதினாறுக்கு அடுத்துப் பதினேழுதானே வர வேண்டும்? அச்சுப் பிழையா, உங்களுக்கே கணக்குத் தகராறா? – வாசகர், தஞ்சாவூர்

எனக்கும் கணக்குக்கும் ஆகாதுதான் சார், ஆனால் இந்த விஷயத்தில் நான் நிரபராதி. பதினேழாம் லூயி என்று ஒருவன் இருந்தான். 'ஒருவர்' என்று எழுதக் கை வரவில்லை, ஏனென்றால் சாகும்போது அவனுக்கு வயது பத்து. பத்து வருஷம், இரண்டு மாதம், சொச்ச நாள். முடி சூட்டிக்கொண்டதில்லை, சிம்மாசனத்தில் உட்கார்ந்ததில்லை, ஒரு உத்தரவு போட்டதில்லை. பெயர் லூயி ஷார்ல்.

அப்புறம் எப்படி ராஜா என்றால், பிரெஞ்சு ராஜ வம்சத்து வழக்கப்படி நாற்காலி ஒரு விநாடிகூடக் காலியாக இருக்கக் கூடாது. அப்பாவின் மூச்சு நின்றால் அந்த நொடியே மகன் ராஜா. 1793 ஜனவரி 21 அன்று பாரீசில் பதினாறாம் லூயியின் தலை விழுந்தபோது பையன் சிறையில் இருந்தான். ஒரு வாரம் கழித்து, ஜெர்மனியில் ஹாம் என்ற ஊரில் அடைக்கலம் புகுந்திருந்த சித்தப்பா, "என் அண்ணன் மகன்தான் இனி பதினேழாம் லூயி, அவன் சின்னப் பையன் என்பதால் அவன் சார்பில் நான்" என்று ஓர் அறிக்கை விட்டார். புரட்சியால் குடியரசாகிவிட்ட பிரான்ஸ் அதைச் சட்டை செய்யவில்லை. ஆனால் பிரான்சோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த நாடுகளுக்கு அந்தப் பெயர் வசதியாக இருந்தது.

1795-ல் பையன் செத்ததும் அதே சித்தப்பா, எண் விட்டுப்போகாமல், தன்னைப் பதினெட்டாம் லூயி என்று அறிவித்துக்கொண்டார். பதினேழு என்று வைத்துக்கொண்டிருந்தால் அண்ணன் மகன் ராஜாவாகவே இருக்கவில்லை, நடுவில் நடந்த குடியரசு செல்லும் என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். நெப்போலியன் குடும்பமும் பிற்பாடு இதே வேலையைச் செய்தது. முதலாம் நெப்போலியன் தெரியும், மூன்றாம் நெப்போலியன் தெரியும், இரண்டாமவர் எங்கே? அவர் முதலாமவரின் மகன், ஆளாமலேயே வியன்னாவில் 21 வயதில் இறந்துபோனவர். அதையும் யாராவது கேட்பதற்குள் நானே சொல்லிவிட்டேன்.

கேள்வி: அந்தப் பையன் எப்படி இருப்பான், என்ன குணம் என்று ஏதாவது தெரியுமா? சரித்திரப் புத்தகத்தில் எல்லாமே தேதியாகத்தான் இருக்கிறது. – வாசகி, மதுரை

நல்ல கேள்வி அம்மா. பதிலும் இருக்கிறது, அதுவும் அவனைப் பெற்றவளே எழுதியது.

முதலில் தேதியை முடித்துவிடுகிறேன். 1785 மார்ச் 27, ஈஸ்டர் ஞாயிறு, வெர்சேல்ஸ் அரண்மனையில் பிறந்தான். பதினாறாம் லூயிக்கும் மேரி அன்டாய்னெட்டுக்கும் இரண்டாவது மகன், அதனால் பட்டத்துக்கு உரியவன் இல்லை. பட்டத்து இளவரசன் அவனுடைய அண்ணன் லூயி ஜோசப். அந்தப் பிள்ளைக்கு முதுகெலும்பில் காசநோய். முதுகு வளைந்து, காய்ச்சலில் வாடி, 1789 ஜூன் 4-ல், ஏழு வயதில் போய்விட்டான். நாடே கொதித்துக்கொண்டிருந்த நேரம், மக்கள் பிரதிநிதிகள் ராஜாவைப் பார்க்க வேண்டும் என்று நெருக்க, பிள்ளையைப் பறிகொடுத்திருந்த மனுஷன் "அங்கே தகப்பன் ஒருத்தர்கூட இல்லையா?" என்று கேட்டதாகச் சொல்வார்கள். நாலு வயதுத் தம்பி பட்டத்து இளவரசன் ஆனான். அந்தப் பட்டத்துக்குப் பெயர் டோஃபின். டால்ஃபின் மீனின் பெயரேதான். ஒரு காலத்தில் அந்தப் பட்டத்தோடு வந்த நாட்டின் பிரபுக்களுக்கு டால்ஃபின்தான் சின்னம்.

1789 ஜூலையில் பாரீசில் பாஸ்டில் சிறையை மக்கள் பிடித்துப் புரட்சி வெடித்ததும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்த சீமாட்டி நாட்டை விட்டே ஓடிவிட்டார். புதிதாக துர்செல் என்ற அம்மையார் அந்தப் பொறுப்புக்கு வந்தார். அவருக்கு மேரி அன்டாய்னெட் அதே ஜூலை மாதம் ஒரு கடிதம் எழுதினார், பால்வாடி டீச்சருக்கு அம்மா எழுதிக்கொடுக்கிற மாதிரி. என் மகனுக்கு நாலு வயது, நாலு மாதம், அதில் இரண்டு நாள் குறைச்சல் என்று தொடங்குகிறது. உடம்புக்குக் குறைவில்லை, ஆனால் சத்தம் என்றால் பயப்படுவான். நாய் பக்கத்தில் குரைத்ததைக் கேட்டதிலிருந்து நாய் என்றாலே பயம், நான் அவனைக் கட்டாயப்படுத்தியதில்லை. அக்கா மேல் உயிர். தனக்கு ஏதாவது கிடைத்தால் அக்காவுக்கும் அது வேண்டும் என்பான். மன்னிப்புக் கேட்கச் சொன்னால் மட்டும் லேசில் வாய் வராது. சொன்ன சொல்லைக் காப்பாற்றுவான்.

அப்புறம் அவனுடைய பெரிய குறை என்று அம்மா ஒன்றைச் சொல்கிறார். காதில் விழுந்ததை அப்படியே வெளியே சொல்லிவிடுவான். பொய் சொல்ல வேண்டும் என்று இல்லை, ஆனால் தன் கற்பனையில் தோன்றியதையும் சேர்த்துச் சொல்லிவிடுவான், இதைத்தான் திருத்த வேண்டும் என்கிறார். நாலு வயதுப் பிள்ளை வேறு எப்படி இருக்கும்? ஆனால் இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வேறொரு பதிலில் தேவைப்படும்.

கேள்வி: ராஜா குடும்பம் வேஷம் போட்டுத் தப்பி ஓடியதாமே? இளவரசனுக்கு என்ன வேஷம்? – பள்ளி மாணவன், நாமக்கல்

பொம்பளைப் பிள்ளை வேஷம் தம்பி. 1791 ஜூன் 20 ராத்திரி, தூங்கிக்கொண்டிருந்தவனை எழுப்பி கவுன் மாட்டினார்கள். நாம் என்ன செய்யப்போகிறோம் தெரியுமா என்று அக்கா கேட்டதற்கு, "நாடகம் போடப்போகிறோம் போல, எல்லாரும் வேஷம் போட்டிருக்கிறோமே" என்றானாம். இது அந்த அக்காவே பிற்பாடு எழுதிவைத்தது. வழியில் ஓர் அஞ்சல் நிலையத்தில், குதிரை மாற்றுகிற இடத்தில், ட்ரூவே என்பவர் ராஜாவை அடையாளம் கண்டுகொண்டார். வரேன் என்ற ஊரில் மடக்கிவிட்டார்கள். நாடகம் ஒரே நாளில் முடிந்தது. ட்ரூவேயை மறந்துவிடாதே, கடைசியில் திரும்பி வருவார்.

கேள்வி: இளவரசனைத் தாயிடமிருந்து பிரித்து ஒரு செருப்புத் தைப்பவரிடம் வளர்க்கக் கொடுத்தார்கள், அவர் அடித்தே கொன்றார் என்று படித்திருக்கிறேன். உண்மையா? – ஓய்வுபெற்ற ஆசிரியர், திருநெல்வேலி

ஐயா, முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதி பாதிக்கும் கீழே.

1792 ஆகஸ்ட் 10-ல், பாரீசில் ராஜா குடும்பம் இருந்த டியூலெரி அரண்மனையை மக்கள் தாக்கிப் பிடித்தார்கள். மூன்றாம் நாள் ராஜா, ராணி, ராஜாவின் தங்கை எலிசபெத், இரண்டு பிள்ளைகள் என்று ஐந்து பேரையும் டெம்பிள் கோபுரத்தில் அடைத்தார்கள். பேர்தான் டெம்பிள், கும்பிடுகிற இடம் இல்லை, டெம்ப்ளர்கள் என்ற பழைய வீரத் துறவிகள் கட்டிய தடித்த சுவர்க் கோட்டை. அங்கே முதல் சில மாதங்கள், சிறை என்பதை மறந்துவிட்டுப் பார்த்தால், அந்தக் குடும்பம் குடும்பமாக வாழ்ந்த காலம். அரண்மனையில் ஆயிரம் வேலை இருந்த அப்பா இங்கே மகனுக்குத் தானே வாத்தியார். வரைபடம் வைத்து பூகோளம், பழைய நாடகங்களிலிருந்து வசனம் ஒப்பித்தல். 1793 ஜனவரியில் அப்பா போய்விட்டார்.

ஜூலை 3 ராத்திரி அதிகாரிகள் வந்து பையனைத் தனியாக வைக்க உத்தரவு என்றார்கள். தாய் கட்டிலை மறித்துக்கொண்டு நின்றார். ஒரு மணி நேரம் வாக்குவாதம். பிள்ளைகள் இரண்டையும் கொன்றுவிடுவோம் என்று மிரட்டிய பிறகுதான் விட்டார் என்று மகள் எழுதியிருக்கிறாள். பையனைக் கொண்டுபோனது ஒன்றும் தூரதேசத்துக்கு இல்லை ஐயா, அதே கோபுரத்தில் கீழ் மாடிக்கு. மேலே இருந்தவர்களுக்கு அவன் அழுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நாள் போனதும் அழுகைக்குப் பதிலாகப் புரட்சிப் பாட்டு கேட்டது. அவனைக் காற்று வாங்க மேல் தளத்துக்குக் கூட்டிப்போகும்போது, சுவர் இடுக்கு ஒன்றின் வழியாக ஒரு நொடி தெரிவான் என்பதற்காக மேரி அன்டாய்னெட் மணிக்கணக்கில் அங்கேயே நின்றாராம்.

பொறுப்பாளர் அந்துவான் சிமோன், செருப்புத் தைக்கிற தொழிலாளி, தீவிரப் புரட்சிக்காரர். மனைவி மரி ழானும் உடன் இருந்தார். இளவரசனைச் சாதாரணக் குடிமகனாக வளர்ப்பது என்பது அவர்களுக்குக் கொடுத்த வேலை. சிமோன் முரடர்தான், பையனுக்குக் கெட்ட வார்த்தையும் சாராயமும் பழக்கினார் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. ஆனால் தீக்கோலால் அடித்தார், தலைமுடியைப் பிடித்து இழுத்தார் என்கிற விரிவான கதைகளில் பெரும்பகுதி, முடியாட்சி திரும்பி வந்த பிறகு அழுது எழுதிய புத்தகங்களில் முளைத்தவை. அடித்துக் கொல்லவில்லை என்பது மட்டும் நிச்சயம். 1794 ஜனவரியில் சிமோன் வேலையை விட்டுப் போய்விட்டார், பையன் அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் உயிரோடு இருந்தான்.

என்னைக் கேட்டால் சிமோன் காலத்தில் நடந்த பெரிய கொடுமை அடி இல்லை, ஒரு தாள். 1793 அக்டோபர் 6. ராணிமேல் வழக்கு நடக்கப்போகிறது, சாட்சி வேண்டும். எபேர் என்ற பத்திரிகைக்காரரும் பாரீஸ் நகராட்சி அதிகாரிகளும் கோபுரத்துக்கு வந்து, எட்டரை வயதுப் பையனிடம் வாக்குமூலம் வாங்கினார்கள். பெற்ற தாய்மேல், எழுதக் கூசுகிற ஒரு பழி. கீழே கையெழுத்து: லூயி ஷார்ல் கப்பே. அந்தக் கையெழுத்தைப் பார்த்தால் எழுத்துகள் ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் தள்ளாடுகின்றன. மேலே சொன்னேனே, காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்லிவிடுவான் என்று தாய் எழுதியதை. அதை எபேர் படித்திருக்க வாய்ப்பில்லை. தேவையும் இல்லை, பெரியவர்கள் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து கேட்டால் எந்தப் பிள்ளையும் அவர்களுக்கு வேண்டியதைச் சொல்லும்.

வழக்கு மன்றத்தில் அந்தப் பழியைச் சொன்னபோது ராணி வாயே திறக்கவில்லை. ஏன் பதில் இல்லை என்று நெருக்கியபோது, ஒரு தாய் மேல் இப்படி ஒரு பழி வந்தால் பதில் சொல்ல இயற்கையே இடம் தராது, இங்கே இருக்கிற தாய்மார்களிடமே கேட்கிறேன் என்றார். கூட்டத்தில் அவரைத் திட்ட வந்த பெண்களே ஒரு நிமிஷம் ஆடிப்போனார்கள். அக்டோபர் 16 விடியற்காலை, தலை போகிற நாள், நாத்தனார் எலிசபெத்துக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் இதற்குத்தான் சமாதானம் சொல்கிறார்: அவன் வயதை நினைத்துப்பார், மன்னித்துவிடு, ஒரு குழந்தையை, அதற்கே புரியாததைக்கூட, நாம் நினைத்தபடி சொல்லவைப்பது எவ்வளவு சுலபம். அந்தக் கடிதம் எலிசபெத் கைக்குப் போய்ச் சேரவில்லை. 1816-ல்தான் வெளியே வந்தது. எலிசபெத்தை 1794 மே மாதமே கில்லட்டின் என்ற தலை வெட்டும் இயந்திரத்துக்கு அனுப்பிவிட்டார்கள். வாக்குமூலம் வாங்கிய எபேர், சிமோன் இருவரும்கூட ஒரு வருஷத்துக்குள் அதே கில்லட்டினில்தான் போனார்கள்.

கேள்வி: அவன் செத்தது விஷத்தாலா, நோயாலா? – செவிலியர், வேலூர்

நோய்தான் சகோதரி. நீங்கள் செவிலியர், அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், மனசைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள்.

சிமோன் போன பிறகு அவனுக்கென்று தனி ஆள் யாரும் இல்லை. ஓர் அறையில் போட்டுப் பூட்டினார்கள். சுமார் ஆறு மாதம். சாப்பாடு வரும், தண்ணீர் வரும், ஆள் வராது. படுக்கையைத் தட்டிப் போடவில்லை, ஜன்னலைத் திறக்கவில்லை, உடுப்பு மாற்றவில்லை, தெள்ளுப்பூச்சி. கூப்பிடுவதற்கு ஒரு மணி இருந்ததாம். அதை அவன் அடிக்கவே மாட்டான், அடித்தால் வருகிறவர்களை நினைத்து அவ்வளவு பயம் என்று அக்கா எழுதுகிறாள். சத்தம் என்றால் பயப்படுகிற பையன்.

1794 ஜூலை 27-ல் புரட்சி அரசின் முக்கியத் தலைவர் ரோபஸ்பியர் கவிழ்ந்தார். மறுநாள் பாரா என்ற தலைவர் கோபுரத்துக்கு வந்து பார்த்தபோது, முழங்கால் வீங்கிப்போய், நடக்க முடியாத பிள்ளையைக் கண்டார். அதன்பிறகு லோரான் என்பவரைப் பொறுப்பில் வைத்தார்கள். குளிப்பாட்டினார், அறையைச் சுத்தம் செய்தார், மேலே காற்றாடக் கூட்டிப்போனார். பிறகு கோமேன், லான் என்று இரண்டு பேர் வந்தார்கள், அன்பாகவே நடந்துகொண்டார்கள். ஆனால் பையன் பேச்சை நிறுத்தியிருந்தான். 1794 கடைசியில் அரசாங்கப் பிரதிநிதிகள் வந்து, பொம்மை வேண்டுமா, விளையாடத் துணை வேண்டுமா என்று மாற்றி மாற்றிக் கேட்டும் ஒரு வார்த்தை இல்லை, வெறுமனே அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

1795 மே மாதம்தான் பெரிய டாக்டர் தெசோ வந்தார். ஜூன் 1-ல் தெசோவே திடீரென்று இறந்துபோனார். விஷக் கதை பிறந்தது அங்கேதான். எனக்கு அது ஒட்டவில்லை. உயிரோடு இருக்கிற பையன் அரசாங்கத்துக்கு ஒரு பேரம் பேசும் காசு. அந்த நேரத்தில் ஸ்பெயினோடு சமாதானம் பேசிக்கொண்டிருந்தார்கள், ஸ்பெயின் ராஜா சொந்தக்காரர், பிள்ளைகளைக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்படிப்பட்ட சீட்டை யாராவது தானே கிழித்துப் போடுவார்களா?

தெசோவுக்குப் பிறகு பெல்த்தான் என்ற டாக்டர். ஜன்னல் அடைப்பை எடுக்கச் சொல்லி, வெளிச்சமான அறைக்கு மாற்றச் சொன்னார். அவர் அதிகாரிகளிடம் குரலை உயர்த்தியபோது, பையன் அவரைச் சைகையால் கூப்பிட்டு, "மெதுவாகப் பேசுங்கள், மேலே அம்மாவுக்குக் கேட்டுவிடும், எனக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்தால் வருத்தப்படுவாள்" என்றானாம். இது பின்னாளில் எழுதப்பட்ட புத்தகத்தில் வருவது. முடியாட்சிக்காரர்கள் கண்ணீர் வரவழைக்க எழுதியவற்றில் பாதியை நான் நம்புவதில்லை, இதையும் அந்தப் பாதியில்தான் சேர்க்க வேண்டும். ஆனால் அம்மா செத்து இருபது மாதம் ஆகிறது என்பது மேல் மாடியில் இருந்த அக்காவுக்கே அப்போது தெரியாது.

ஜூன் 8 பிற்பகல் இறந்தான். மறுநாள் பெல்த்தான் உட்பட நாலு டாக்டர்கள் பிரேதப் பரிசோதனை செய்தார்கள். வலது முழங்காலிலும் இடது மணிக்கட்டிலும் கட்டி, குடலிலும் வயிற்றிலும் முடிச்சு முடிச்சாகக் கட்டிகள். நம் வைத்தியர்கள் கண்டமாலை என்று சொல்வதே டாக்டர்கள் எழுதிய காரணமும். இன்றைய பேச்சில் நிணநீர்க் கட்டிகளைத் தாக்கும் காசநோய்; அண்ணனைக் கொண்டுபோனதும் காசநோய்தான்.

இந்தக் கண்டமாலைக்கு அந்த நாட்டில் 'ராஜா தொட்டால் குணமாகும்' என்று நூற்றாண்டுக் கணக்காக ஒரு நம்பிக்கை. அவனுடைய அப்பா 1775-ல் முடிசூடிக்கொண்டபோது வழக்கப்படி 2,400 கண்டமாலை நோயாளிகளை வரிசையாக நிறுத்தித் தொட்டார்.

கேள்வி: அவனுடைய இதயத்தை டாக்டர் திருடிவிட்டாராமே? சினிமாக் கதை மாதிரி இருக்கிறது. – வாசகர், கோவை

சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டோம். பிரேதப் பரிசோதனை நடக்கும்போது, மற்றவர்கள் ஜன்னல் பக்கம் போன சமயம் பார்த்து, பெல்த்தான் இதயத்தை ஒரு கைக்குட்டையில் சுருட்டி சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிரெஞ்சு ராஜ குடும்பத்தில் உடலை ஓரிடத்திலும் இதயத்தை வேறிடத்திலும் வைப்பது வழக்கம், அந்த மரியாதையாவது இருக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ. உடலுக்கு அது கிடைக்கவில்லை. ஜூன் 10 மாலை செயின்ட் மார்கரெட் தேவாலயத்துக் கல்லறையில், அடையாளக் கல்கூட இல்லாமல் புதைத்தார்கள்.

வீட்டில் ஒரு ஜாடியில் சாராயம் ஊற்றி, இதயத்தை அதில் போட்டுப் புத்தக அலமாரியில் வைத்தார் டாக்டர். வருஷக்கணக்கில் சாராயம் ஆவியாகி இதயம் காய்ந்துபோனது. அப்புறம் மேஜை இழுப்பறை. அங்கேயிருந்து அவருடைய மாணவர் ஒருவர் அடித்துக்கொண்டு போய்விட்டார்! சாகும் தறுவாயில் அவர் ஒப்புக்கொள்ள, வீட்டார் திருப்பிக் கொடுத்தார்கள். 1814-க்குப் பிறகு ராஜ குடும்பம் திரும்பி வந்ததும் டாக்டர் அதைக் கொடுக்கப் பார்த்தார். புரட்சிக் காலத்தில் வேலை பார்த்தவர் என்று அவரை நம்பவில்லை. 1828-ல் பாரீஸ் பேராயர் வாங்கி வைத்துக்கொண்டார். 1830-ல் இன்னொரு புரட்சி. பேராயர் மாளிகையைச் சூறையாடினார்கள், இதயம் இருந்த கண்ணாடிக் கலசம் உடைந்தது. டாக்டர் அதற்குள் இறந்திருந்தார். அவர் மகன் சில நாள் கழித்துப் போய், கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே தேடி, அப்பா சொன்ன அடையாளத்தை வைத்து எடுத்துவந்தார்.

பிறகு அது 1895-ல் ராஜ வம்சத்து உறவினர் கைக்குப் போய் ஆஸ்திரியாவுக்கும், ஒருவழியாக 1975-ல் பாரீசுக்குப் பக்கத்தில் ராஜாக்கள் அடங்கியிருக்கிற செயின்ட் டெனிஸ் பேராலயத்துக்கும் வந்து சேர்ந்தது. யாருடைய இதயம் என்று அப்போதும் சந்தேகம்தான். 2000-ல் பெல்ஜியத்தில் காசிமான், ஜெர்மனியில் பிரிங்க்மான் என்ற இரண்டு பேராசிரியர்கள் தனித்தனியாகச் சோதித்தார்கள். தாய்வழியாக மட்டுமே இறங்கிவருகிற ஒரு வகை டி.என்.ஏ. உண்டு; இதயத்தில் கிடைத்த அதையும், மேரி அன்டாய்னெட்டின் சகோதரிகளின் பத்திரப்படுத்திய தலைமுடியில் கிடைத்ததையும், உயிரோடு இருந்த தாய்வழி உறவினர்களின் ரத்தத்தையும் ஒப்பிட்டார்கள். பொருந்தியது.

அப்படியென்றால் அது அண்ணனின் இதயமாக இருக்கக் கூடாதா என்று கேட்பீர்கள், அவனும் அதே தாய்க்குப் பிறந்தவன்தானே. கேட்டார்கள். அண்ணன் இளவரசனாகச் செத்தவன், அவன் இதயத்தை முறைப்படி மூலிகை அடைத்துப் பதப்படுத்தினார்கள். இது அப்படிப் பதப்படுத்திய இதயம் இல்லை, சாராயத்தில் கிடந்து காய்ந்தது. 2004 ஜூன் 8, அவன் செத்து 209 வருஷம் ஆன அதே தேதியில், அப்பா அம்மாவின் கல்லறை இருக்கிற அதே பேராலயத்தில் வைத்தார்கள்.

கேள்வி: சிறையிலிருந்து அவனைக் கடத்திவிட்டு வேறொரு பையனை வைத்தார்கள் என்கிறார்களே? – வாசகர், யாழ்ப்பாணம்

அந்தப் பேச்சில்தான் பலபேர் பிழைப்பு நடத்தினார்கள். நான்தான் பதினேழாம் லூயி என்று கிளம்பியவர்கள் நூறைத் தாண்டும் என்பார்கள். தையல்காரர் மகன் ஒருவர், அமெரிக்காவில் பழங்குடிகளிடையே வேலை செய்த மதப் பிரசாரகர் ஒருவர் என்று பல ரகம். பெரிய ஆள் நவுண்டோர்ஃப், கடிகாரம் பழுது பார்க்கிறவர், 1810 வாக்கில் பெர்லினில் திடீரென்று தோன்றியவர். கள்ளப்பணக் கேசில் உள்ளே போய் வந்தவர். 1833-ல் பாரீசுக்கு வந்தார்; குழந்தையாக இருந்தபோது இளவரசனைக் கவனித்துக்கொண்ட அம்மையார் ஒருவரே "இவர்தான்" என்று சொல்லிவிட்டார். அரசாங்கம் நாட்டை விட்டுத் துரத்தியது. 1845-ல் நெதர்லாந்தில் டெல்ஃப்ட் நகரத்தில் செத்தார், கல்லறையில் பதினேழாம் லூயி என்றே பொறித்திருக்கிறது. அவருடைய எலும்பையும் அந்த காசிமான்தான் சோதித்தார், 1998-ல். பொருந்தவில்லை.

கேள்வி: அப்போது எங்கள் ஊர் பிரெஞ்சுக்காரர்கள் கையில்தானே இருந்தது? அந்தப் பையன் எங்களுக்கும் ராஜாவா? – வாசகர், புதுச்சேரி

சித்தப்பா கணக்குப்படி பார்த்தால், ஆமாம். ஆனால் அவன் 'ஆண்ட' 1793-லேயே, ஆகஸ்ட் மாதம், ஆங்கிலேயர்கள் முற்றுகையிட்டுப் புதுச்சேரியைப் பிடித்துவிட்டார்கள். திரும்பக் கொடுத்தது 1816-ல், சித்தப்பா அரியணையில் இருந்தபோது. அதே 1793 ஆகஸ்டில் பிரான்சுக்குள்ளேயே துலோன் துறைமுகத்துக்காரர்கள் குடியரசை எதிர்த்து, ஆங்கிலக் கப்பல்களை உள்ளே விட்டு, பதினேழாம் லூயி பெயரில் ஊரை ஒப்படைத்தார்கள். டிசம்பரில் அதை மீட்ட இளம் பீரங்கி அதிகாரியின் பெயர் நெப்போலியன். அங்கே இவன் பெயரில் கொடி ஏறியிருந்த மாதங்களில்தான் பாரீஸ் கோபுரத்தில் சிமோன் இவனுக்குப் புரட்சிப் பாட்டு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

இன்னொன்றும் உண்டு. திப்பு சுல்தானின் தூதர்கள் மூன்று பேர் புதுச்சேரியிலிருந்துதான் கப்பலேறி பிரான்சுக்குப் போனார்கள். 1788 ஆகஸ்ட் 10-ல் வெர்சேல்சில் தடபுடலாக வரவேற்பு. நம் பையனுக்கு அப்போது மூன்று வயது. நாலு வருஷம் கழித்து அதே ஆகஸ்ட் 10-ல்தான் டியூலெரி அரண்மனை விழுந்தது.

கேள்வி: அந்த அக்கா என்ன ஆனாள்? – வாசகி, ஈரோடு

மரி தெரேஸ். குடும்பத்தில் பிழைத்தது அவள் ஒருத்திதான். தம்பியைக் கடைசியாகப் பார்த்தது 1793 அக்டோபர் 7, அந்த வாக்குமூலத்துக்கு மறுநாள். தம்பி சொன்னது உண்மையா என்று கேட்டு, அவனையும் அவளையும் எதிரெதிரே வைத்து விசாரித்தார்கள். அவளுக்கு வயது 14. அதன்பிறகு ஒன்றரை வருஷத்துக்கு மேல் அவன் கீழே, அவள் மேலே, ஒரே கோபுரத்தில். இறந்த பிறகும் முகத்தைக் காட்டவில்லை. அம்மா, அத்தை, தம்பி மூவருமே போய்விட்டார்கள் என்பதை 1795 கோடையில்தான் அவளிடம் சொன்னார்கள்.

அதே டிசம்பரில், 17 வயது நிறைவதற்கு முந்தின ராத்திரி வெளியே விட்டார்கள். சும்மா இல்லை, கைதிப் பரிமாற்றம்: ஆஸ்திரியா பிடித்துவைத்திருந்த பிரெஞ்சுக்காரர்களைக் கொடுத்து இவளை வாங்கிக்கொண்டது. அப்படி விடுதலையானவர்களில் ஒருவர் ட்ரூவே. ஆமாம் நாமக்கல் தம்பி, அந்த அஞ்சல் நிலையத்து ட்ரூவேதான்.

இன்னொரு சித்தப்பாவின் மகனைக் கட்டிக்கொண்டாள், பிள்ளை இல்லை. முடியாட்சி திரும்பி வந்ததும் பாரீசுக்கு வந்தாள், 1830-ல் மறுபடி நாடு கடந்தாள். நான்தான் உன் தம்பி என்று ஆள் மாற்றி ஆள் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார்கள். நவுண்டோர்ஃபைச் சந்திக்கக் கடைசிவரை மறுத்துவிட்டாள். டெம்பிள் கோபுரத்தையோ முடியாட்சிக்காரர்கள் யாத்திரை வருகிற இடமாக்கிவிடுவார்கள் என்று நெப்போலியன் 1808-லேயே இடித்துத் தள்ளிவிட்டார். இன்று அங்கே ஒரு பூங்காதான் இருக்கிறது.

1851-ல் ஆஸ்திரியாவில் ஃப்ரோஸ்டோர்ஃப் என்ற மாளிகையில், 72 வயதில் இறந்தாள். மேலே கோவை வாசகருக்கு எழுதும்போது, இதயம் 1895-ல் ஆஸ்திரியாவுக்குப் போனது என்று மட்டும் சொன்னேன். போன இடம் அந்த மாளிகையின் சிற்றாலயம்.